சும்மா கொடுத்த கொய்னா

அரசாங்கத்தின் மருந்து மோட்டார் முதன்முதலாக எங்கள் தோட்டத்துக்கு வந்த நாளில் அதன் பக்கத்தில் ஒருவரும் போகவில்லை. நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு எதிரே மண் ரோடான சடக்கு திரும்புகிற இடத்தில் நிழல் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். பின்கதவைத் திறந்து, மடக்கு மேசை ஒன்றைப் போட்டு, வெள்ளைக் கால்சட்டை போட்ட, மருந்து கொடுக்கும் டிரசர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்டி வந்த மலாய்க்காரர் படிக்கட்டில் சாய்ந்து தூங்கிப்போனார். நாங்கள் வேலை முடிந்து வந்து அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். யாராவது முதலில் போகட்டும் என்று எல்லாரும் நினைத்தோம். கடைசியில் டிரசர் மேசையை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஜொகூரில் செடெனாக் ரயில் ஸ்டேஷனிலிருந்து உள்ளே போகும் செம்மண் சடக்கில் இருந்தது எங்கள் தோட்டம். கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பரின் விலை விழுந்துகொண்டே வந்த வருஷங்கள் அவை. தோட்டத்துக்கென்று ஒரு சின்ன ஆஸ்பத்திரி முன்பு இருந்தது. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகைக் கட்டில்கள், எப்போதும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு டிரசர். நல்ல ஆஸ்பத்திரி என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் காய்ச்சல் வந்தால் போய்ப் படுக்க ஓர் இடம். விலை விழுந்ததும் முதலில் ஆளைக் குறைத்தார்கள், பிறகு கூலியைக் குறைத்தார்கள், அப்புறம் ஆஸ்பத்திரியை மூடினார்கள். அந்தக் கட்டடத்துக்குள் மண்வெட்டிகளையும் ஓட்டை வாளிகளையும் போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஒரு நாள் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி எங்களைப் பார்த்து, இனிமேல் நோய் நொடி என்றால் ஜொகூர் அரசாங்கமே பார்த்துக்கொள்ளும், வாரம் ஒரு முறை மருந்து வண்டி வரும், காசு எதுவும் தர வேண்டியதில்லை என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தக் கிராணி சிரித்து நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்தச் சிரிப்புதான் எங்களுக்கு முதலில் உறுத்தியது. மரத்துப் பால் எடுக்கும் வாளியில் ஒரு நசுங்கல் விழுந்தால்கூட எங்கள் கூலியில் கைவைக்கிற மனிதர், நாங்கள் சும்மா மருந்து வாங்கிச் சாப்பிடப் போவதை நினைத்து ஏன் சந்தோஷப்பட வேண்டும்? பக்கத்து வீட்டு அக்கா அன்று சாயங்காலமே அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். அக்கா என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர், நான் அந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து என்னோடு பக்கத்து நிரையில் பாலுக்காக மரப்பட்டையைச் சீவி மரம் வெட்டியவர். தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டுச் சொன்னார்:

"டவுன்ல சண்டுக் கடைய யாரு வச்சிருக்கா? கவுருமெண்டுதானே. அபினிக்குக் காசு வாங்கிக்கிட்டு விக்கிறவன் மருந்த மட்டும் சும்மா குடுப்பானா? மருந்து குடுக்கிற சாக்குல யாருக்கு உடம்பு சரியில்லன்னு பாத்துக்குவான். சீக்காளிய எல்லாம் கப்பல் ஏத்திடுவான்."

அக்கா அதைக் கற்பனையாகச் சொல்லவில்லை. அந்த வருஷங்களில் ஆட்களை இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிக்கொண்டுதான் இருந்தார்கள். வேலை இல்லாதவர்கள், கிழவர்கள், நோஞ்சான்கள் என்று கூட்டம் கூட்டமாகத் துறைமுகத்துக்கு ரயிலில் ஏற்றி அனுப்புவதை ஸ்டேஷன் பக்கம் போனால் யாரும் பார்க்கலாம். சிலர் சந்தோஷமாகப் போனார்கள். சிலர் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதார்கள்.

எனக்கும் என் கணவருக்கும் அந்தக் கப்பல் என்றாலே பயம். அதற்குக் காரணம் இருந்தது. நான் சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, வெள்ளைச் சேலையோடு கூலி ஆள் எடுக்கும் டிப்போவில் பேர் கொடுத்துக் கப்பல் ஏறியவள். இப்போதைய கணவர் ஒரு கங்காணியோடு வந்தவர். அவர் சாதி வேறு, என் சாதி வேறு. எங்கள் சீமையில் அவர் செருப்புப் போட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்குள் வந்திருக்க முடியாது. இங்கே கோயில் பூசாரி ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துக் கொடுத்தார், அக்கா நாத்தனார் முடிச்சுப் போட்டார், அவ்வளவுதான் எங்கள் கல்யாணம். எங்களைத் திருப்பி அனுப்பினால் நாகப்பட்டினத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்று எங்களுக்குத் தெரியாது. என் வீட்டார் அவரை உயிரோடு விட மாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

அவருக்கு அப்போது காய்ச்சல் இருந்தது. தோட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில், சதுப்பை ஒட்டி வேலை கொடுத்த நாளிலிருந்து வந்த காய்ச்சல். ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடுங்குவார், இருக்கிற கம்பளியை எல்லாம் மேலே போட்டாலும் பல் கிட்டும். மறுநாள் ஒன்றும் நடக்காதது போல எழுந்து கத்தியைத் தீட்டுவார். இடது விலாவுக்குக் கீழே கட்டி மாதிரி வீங்கியிருந்தது. அதை மறைக்க வெயிலிலும் சட்டையைக் கழற்ற மாட்டார். யாரையும் எளிதில் நம்பாத மனிதர். கடையில் வாங்கிய கருவாட்டைக்கூட மூக்கில் வைத்து இரண்டு முறை முகர்ந்த பிறகுதான் என் கையில் தருவார். வண்டிக்குப் போகலாமா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு என்னைய அனுப்பணும்னு இருந்தா நேரா சொல்லு புள்ள" என்றார். அதற்குப் பிறகு நான் அவரிடம் கேட்கவில்லை.

அடுத்த வாரம் வண்டி வந்தபோது, எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி நானே போய் நின்றேன். மருந்தை வாங்கி அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

டிரசர் யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், மூக்குக்கண்ணாடி, நெற்றியில் திருநீறு. நிமிர்ந்து பார்க்காமலே, "என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாரிடமோ நான் வீட்டு நிலவரத்தைச் சொல்லி அழுததாக நினைத்துவிட்டாரோ, யாராவது போய் ஏதாவது சொல்லிவிட்டார்களோ என்று திக்கென்றது. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க" என்றேன்.

"வருத்தம் இல்லையெண்டால் ஏன் இங்கை வந்தனீர்?" என்றார் அவர், இப்போது நிமிர்ந்து பார்த்து. பின்னால் நின்ற அக்காதான் என் முதுகில் இடித்து, சீக்கைத்தான் அப்படிக் கேட்கிறார் என்று சொன்னார். அவர்கள் ஊரில் நோய்க்கு வருத்தம் என்று பேராம். காய்ச்சல் என்று சொன்னேன். நாடியைப் பிடித்தார், கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.  குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை இரண்டை என் உள்ளங்கையில் வைத்து, ஒரு குவளைத் தண்ணீரை நீட்டி, தன் கண் முன்னாலேயே விழுங்கச் சொன்னார்.

வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்து வந்த நான் என்ன செய்வது? தண்ணீரைக் குடித்து, மாத்திரையைக் கடைவாய்க்குள் ஒதுக்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போவதற்குள் அது கரைந்து, நாக்கும் தொண்டையும் எட்டிக்காயாகக் கசந்துவிட்டன. சேலை முந்தானையில் துப்பி எடுத்த மிச்சத்தைக் கருப்பட்டியில் உருட்டி அவருக்குக் கொடுத்தேன். எங்கேயிருந்து என்று கேட்டார். கடைக்காரப் பாய் தந்தார் என்று சொன்னேன். முகர்ந்து பார்த்துவிட்டு விழுங்கினார்.

அப்படியே சில வாரம் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக லயத்து ஆட்கள் எல்லாரும் வண்டிக்குப் போக ஆரம்பித்தார்கள். ஆனால் போனவர்கள் எல்லாம் என்னைப் போலத்தான், பாதி உண்மை சொன்னார்கள். இருமல்காரன் கால்புண் என்றான், கால்புண்காரி தலைவலி என்றாள். உண்மையான நோயைச் சொன்னால்தானே பிடிப்பார்கள் என்பது எங்கள் யோசனை. டிரசருக்கும் எங்கள் மேல் நம்பிக்கை இல்லை. அரசாங்கத்துக் கொய்னா கடைகளில் விலைக்குக் கிடைப்பதாக அவருக்கு மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள் போல. அதனால்தான் கண் முன்னால் விழுங்கச் சொன்னார். ஒரு நாள் என் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டார்.

"உமக்குக் காய்ச்சல் இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. இந்த மருந்து ஆருக்குப் போகுது?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

யாருக்கும் இல்லை என்றேன். விற்கிறாயா என்றார். இல்லை என்றேன். நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். அன்றைக்கு மருந்து தராமல் அனுப்பிவிட்டார். சற்றுத் தள்ளி கிராணி சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வண்டி வருகிற நாளெல்லாம் அவர் அப்படி வந்து நிற்பார். யார் வருகிறார்கள், யார் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்ப்பார். நான் அவரைத் தாண்டிப் போகும்போது, "வீட்டுக்காரரு எப்படி இருக்காரு? ஆளு மெலிஞ்ச மாதிரி தெரியுதே" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன்.

நன்றாக இல்லை. அவருடைய நிரையையும் நான்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். விடியுமுன் போய் அவர் மரங்களை முதலில் வெட்டிவிட்டு, பிறகு என் மரங்களுக்கு ஓடுவேன். அக்காவும் கூடமாட உதவுவார். நடுக்கம் இல்லாத நாட்களில் அவரே வந்து வெட்டுவார். பாலை ஸ்டோருக்குத் தூக்கிப் போய் நிறுப்பது மட்டும் எப்போதும் அவர்தான். எப்படியாவது எழுந்து, முகத்தைக் கழுவி, வாளியைத் தூக்கிக்கொண்டு கிராணி முன்னால் நிமிர்ந்து நிற்பார். வீட்டுக்கு வந்ததும் விழுவார்.

மருந்து நின்ற இரண்டாம் வாரம் அவர் மரத்தடியிலேயே விழுந்தார். நல்ல வெயில் ஏறிய நேரம். அன்று தன் நிரையைத் தானே வெட்டுவேன் என்று பிடிவாதமாக வந்திருந்தார். பால் எடுக்கப் போகும் நேரத்தில் நான் குரல் கொடுத்தேன், பதில் இல்லை. போய்ப் பார்த்தால் வேரின் மேல் சாய்ந்து, கண் திறந்தபடி, எதிரே இல்லாத யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார். மாட்டை அவிழ்த்துக் கட்டச் சொல்கிறார். உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதிக்கிறது. என்னையே யாரென்று கேட்டார்.

அன்று வண்டி வரும் நாள். அது நல்லதா கெட்டதா என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. அக்காவின் கணவரும் இன்னொருவரும் சாக்கை ஒரு கம்பில் தூளியாகக் கட்டி அவரைச் சடக்குக்குத் தூக்கி வந்தார்கள். டிரசர் அப்போதுதான் மேசையைப் போட்டுக்கொண்டிருந்தார். தூளியைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார். சட்டையைத் தூக்கி விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தவர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார். மருந்து யாருக்குப் போனது என்று இப்போது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு, உடனே ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் பிழைக்க மாட்டார் என்றார்.

அதற்குள் கிராணி சைக்கிளில் வந்து இறங்கினார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தடுக்கவில்லை.

"தாராளமா கொண்டு போங்க ஐயா" என்றார் டிரசரிடம். "ஒண்ணு மட்டும். இவன் நம்ம தோட்டத்து ஆளு இல்ல. நேத்தே தோட்டத்துப் பதிவுல இருந்து பேர எடுத்தாச்சு. நாதியத்தவன்னு ஆஸ்பத்திரியில சொல்லிச் சேத்துடுங்க."

 டிரசர் கிராணியைப் பார்க்காமல் என் கணவரின் சட்டையைப் பிடித்துக் காட்டினார். முன்பக்கமெல்லாம் மரத்துப் பால் வடிந்து வெள்ளையாக இருந்தது.

"இது இன்னும் காயேல்லை. நேற்றே நிப்பாட்டின மனிசன் இண்டைக்கு ஆரின்ர மரம் வெட்டினவர்?"

"அது உங்க வேலை இல்ல ஐயா."

"என்ர வேலையை எனக்குத் தெரியும். காசு ஆர் கட்டுறது எண்டதைப் பிறகு பாப்பம். முதல்லை ஆளை ஏத்துங்கோ."

நான் கிராணியிடம், பேரை எடுத்ததாக யாரிடம் சொன்னீர்கள் என்று கேட்டேன். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று சைக்கிளைத் திருப்பினார். அவர் சிரித்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் பாதி விளங்கியது. மீதியை வண்டி ஓடும்போது டிரசர் சொன்னார். தோட்டத்து ஆள் ஒருவன் அரசாங்க ஆஸ்பத்திரியில் படுத்தால் அவன் சோற்றுக்கும் மருந்துக்கும் தோட்டம் பணம் கட்ட வேண்டும். நாதியில்லாதவன் என்றால் அரசாங்கம் கட்டும். நாங்கள் யாருக்குப் பயந்தோமோ அந்த வண்டி எங்கள் பெயரை எடுத்துக்கொண்டு எங்கும் போகவில்லை. நோயாளி யாரென்று கிராணிதான் நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், விழுவதற்கு முன்னால் கழற்றிவிட.

ஆனாலும் நான் டிரசரை முழுக்க நம்பிவிடவில்லை. என் கணவரின் தலை என் மடியில் ஆடிக்கொண்டிருந்தது. இந்த மனிதர் எனக்கு எதற்காக இவ்வளவும் சொல்கிறார் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மூன்றாம் நாள் நினைவு வந்தது. கண்ணைத் திறந்து வெள்ளைச் சுவரையும் வெள்ளை விரிப்பையும் பார்த்தவர், "அனுப்பிட்டாங்களா?" என்று கேட்டார். கப்பலில் இருப்பதாக நினைத்துவிட்டார். இல்லை என்று சொல்லி, ஜன்னலைத் திறந்து தரையைக் காட்ட வேண்டியதாயிற்று. நினைவு வந்ததும் சந்தேகமும் வந்துவிட்டது. விரலில் குத்தி ரத்தம் எடுத்தபோது கையை இழுத்துக்கொண்டார். அந்த ரத்தத்தை என்ன செய்கிறார்கள் என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் விசாரித்தார். அந்தக் கட்டில்காரர் மெர்சிங்கில் கப்பலில் மூட்டை தூக்கியவர், அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் நல்லதுக்கு இருக்காது என்று சொல்லி வைத்தார். ஆஸ்பத்திரிக் கஞ்சியை நான் முதலில் இரண்டு வாய் குடித்துக் காட்டிய பிறகுதான் என் கணவர் குடித்தார். நான் பகலில் அங்கே இருப்பேன். பொழுது சாய்ந்ததும், ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஒரு குடும்பத்தின் கொட்டகையில் ஒண்டிக்கொள்வேன். துணி அலசிக் கொடுப்பதற்குச் சோறு போட்டார்கள்.

அவர் எழுந்து உட்காரத் தொடங்கியபோது கூலியாட்கள் விவகாரத்தைப் பார்க்கும் லேபர் ஆபீஸ் துரை வார்டுக்கு வந்தார். சிவந்த முகம், சின்ன வயது. ஒவ்வொரு கட்டிலாக வந்தவர் எங்கள் கட்டிலுக்கு வந்ததும் தமிழில் பேசினார். புத்தகத்தில் படித்த தமிழ்.

"நீ சுகமடைந்து வருகிறாயா? உன் ஊருக்குத் திரும்பிப் போக உனக்கு விருப்பம் உண்டா?"

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவது போலப் படுத்துவிட்டார். வெள்ளைக்காரர் தமிழ் பேசி அவர் கேட்டதில்லை. நம் பாஷையைப் படித்துக்கொண்டு வந்து ஆசையாகக் கேட்கிறான் என்றால் எவ்வளவு பெரிய காரியமாக இருக்க வேண்டும் என்று பிறகு என்னிடம் சொன்னார். துரை என்னைப் பார்த்தார். எங்களுக்கு விருப்பம் இல்லை, எங்களுக்குத் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்றேன். இவர் நாதியற்றவர் என்றல்லவா சொல்கிறார்கள் என்றார். நான் இருக்கும்போது எப்படி நாதியற்றவர் என்று கேட்டேன். துரை கையிலிருந்த நோட்டைப் புரட்டினார். விழுந்த அன்று இவர் வேலை செய்தாரா என்று கேட்டார். மருந்து வண்டி டிரசர் அப்படித் தம்மிடம் சொல்லியிருக்கிறாராம். செய்தார் என்றேன்.

ஒரு வாரம் கழித்து எங்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். தோட்ட ஆபீஸ் வராந்தாவில் விசாரணை நடந்தது. லேபர் துரையும் தோட்டத்துத் துரையும் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். இருவரும் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். டிரசரும் வந்து ஒரு ஓரமாக நின்றார். துரைமாரின் சிரிப்பைக் கேட்டதும், முடிவை முன்பே பேசி வைத்துவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. பக்கத்தில் என் கணவர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கிராணி தயாராக வந்திருந்தார். இவன் பல வாரமாக வேலைக்கே வரவில்லை, இவனுடைய மரங்களை இவன் பெண்டாட்டிதான் வெட்டினாள், வேலை செய்யாதவனை எப்படித் தோட்டத்து ஆள் என்பது என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் என்னைத் திணற வைத்தது.

லேபர் துரை என் பக்கம் திரும்பி, "அவனுடைய மரங்களை நீ வெட்டினாயா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றால் அவர் வேலை செய்யாதவர் ஆகிவிடுவார். இல்லை என்றால் இங்கே இருக்கும் பத்துப் பேர் என்னைப் பொய்க்காரி என்பார்கள். இந்தக் கேள்வியே எனக்காக வெட்டி வைத்த குழி என்று நினைத்தேன். அக்கா கூட்டத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிராணியிடம் திரும்பினேன்.

"நான் வெட்டுனேன், அவரும் வெட்டுனாரு. நீங்க தினம் ஸ்டோர்ல பால நிறுத்தீங்களே கிராணி ஐயா, யாரு கையில இருந்து வாளிய வாங்குனீங்க? யாரு பேரச் சொல்லிக் கூப்பிட்டு வாங்குனீங்க?"

 நான் அவருக்கு நேரம் கொடுக்காமல், "அவரு வேலைக்கு வரலன்னா அன்னிக்கே பால வேணாம்னு சொல்லியிருக்கணும். பாலு மட்டும் வேணும், ஆளு வேணாமா?" என்றேன்.

கூட்டத்திலிருந்து அக்கா, "நானும் பாத்தேன், அவருதான் தூக்கிட்டு வருவாரு" என்று குரல் கொடுத்தார். அதைத் தொடர்ந்து இன்னும் இரண்டு மூன்று பேர். லயத்து ஆட்கள் ஆபீஸ் முன்னால் வாய் திறந்து நான் பார்த்த ஒரே நாள் அது. தோட்டத்துத் துரை டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கிராணியிடம் ஏதோ கேட்டார். கிராணி தலையைக் குனிந்துகொண்டே பதில் சொன்னார். பேரை எடுக்கச் சொன்னது துரையா, கிராணியாகவே செய்ததா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. இருவருமே அன்று ஆச்சரியப்பட்டது போல முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

என் கணவர் தோட்டத்து ஆள்தான் என்றும், ஆஸ்பத்திரிச் செலவைத் தோட்டமே கட்ட வேண்டும் என்றும், உடம்பு தேறும்வரை அவருக்கு லேசான வேலை தர வேண்டும் என்றும் லேபர் துரை சொல்லிவிட்டு எழுந்தார். போகும்போது என்னைப் பார்த்து, "நீ நன்றாகப் பேசுகிறாய்" என்றார். 

வண்டியில் ஏறப்போன டிரசரிடம் போய், எங்களுக்காக ஏன் இவ்வளவு தூரம் செய்தீர்கள் என்று கேட்டேன். நன்றி சொல்லத்தான் போனேன், ஆனால் வாயில் வந்தது அந்தக் கேள்விதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தோட்டக்காரர் எல்லாரும் உங்களை நாதியில்லாதவர் எண்டு எங்கடை தலையிலை கட்டினால், அரசாங்கம் எவ்வளவு காலத்துக்குத் தாங்கும்? முதல்லை இந்த வண்டியைத்தான் நிப்பாட்டுவினம். பிறகு என்ர வேலை போகும். எனக்கும் ஊரிலை நாலு பிள்ளைகள்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, என் கணவரைக் காட்டி, "மாத்திரையை விழுங்கச் சொல்லும். கருப்பட்டியிலை வைச்சு ஒளிக்கத் தேவையில்லை" என்றார். கருப்பட்டி விஷயம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. அக்கா சொல்லியிருக்கலாம்.

அந்த மனிதர் தன் வேலைக்காகச் செய்தாரா, என் கணவருக்காகச் செய்தாரா என்று நாங்கள் இருவரும் வெகுநாள் விவாதித்தோம். வேலைக்காகத்தான் என்பது என் கணவரின் கட்சி. அதனால்தான் அவரை நம்பலாம் என்றார். தனக்கு ஆதாயம் எது என்று ஒளிக்காமல் சொன்ன முதல் படித்த மனிதர் அவர்தான் என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. தூளியைப் பார்த்ததும் அவர் எழுந்து ஓடி வந்ததைப் பார்த்தவள் நான்.

வண்டி நெடுநாள் ஓடவில்லை. அரசாங்கத்துக்கும் வருமானம் குறைந்துவிட்டது என்றார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்றானது, பிறகு மாதம் ஒன்று. கடைசியில் ஒரு மாதம் வரவே இல்லை. அதை முதலில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த அதே ஆட்கள் அந்த மாதம் சடக்கோரத்தில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெயில் சாயும்வரை நின்றார்கள். தோட்டத்துத் துரை சொல்லித்தான் நிறுத்தினார்கள் என்றார் ஒருவர். டிரசரைக் கப்பலேற்றிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். எது உண்மை என்று யாரும் எங்களுக்கு வந்து சொல்லவில்லை. அவரை நான் மறுபடி பார்க்கவும் இல்லை.

கிராணி எங்களை மறக்கவில்லை. லேசான வேலை என்று சொல்லி என் கணவரை அதே சதுப்புப் பக்கத்தில் புல் வெட்ட அனுப்பினார். கேட்டால், மரம் வெட்டுவதைவிட இது லேசுதானே என்றார். அந்த ஈரத்தில் இன்னொரு மழைக்காலம் நின்றால் அவர் மிஞ்ச மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. உலு திராம் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆள் எடுப்பதாக அக்காவின் கணவர் விசாரித்து வந்து சொன்னார். அந்த மாதக் கூலியை வாங்கியதும் கிளம்பிவிட்டோம். அக்கா ஸ்டேஷன் வரை வந்தார். புது இடத்தில் யாரிடமும் நோயைப் பற்றி வாய் திறக்காதே என்பதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

புதுத் தோட்டம் மேட்டு நிலத்தில் இருந்தது. தண்ணீர் தேங்காது. அங்கே இருந்த கிராணி நல்ல மாதிரி தெரிந்தார். உட்காரச் சொன்னார், கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். பேரைக் கேட்டார், எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறோம் என்று கேட்டார். பிறகு, "உடம்புக்கு ஏதாவது உண்டா? இருந்தா சொல்லுங்க, இங்க டிரசர் இருக்காரு, மருந்து குடுப்பாங்க" என்று அன்பாகக் கேட்டார்.

என் கணவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஒன்றுமில்லை என்றார். நானும் ஒன்றுமில்லை என்றேன். கோப்பியை அவர் முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார்.

அங்கே நாங்கள் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தோம். எங்கள் மகள் அந்தத் தோட்டத்தில்தான் பிறந்தாள். அந்தக் கிராணி கடைசிவரை எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை.